ஒரே சரக்குப் பணிக்கு இரண்டு விண்கலங்கள் எதற்கு?

கேள்வி:
பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுசெல்லும் பணியை 2008 டிசம்பரில் நாசா இரு தனியார் நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்தது. ஸ்பேஸ்எக்ஸுக்கு 12 பயணங்கள், ஆர்பிட்டல் சயன்சஸுக்கு 8. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன், ஆர்பிட்டலின் சிக்னஸ் என இரண்டு கலங்களையும் தனித்தனியே வடிவமைத்துச் சோதிப்பதற்குப் பதிலாக, ஒரே கலத்தை முழுமையாகச் செம்மைப்படுத்தியிருந்தால் பணமும் காலமும் மிஞ்சியிருக்காதா?

முதல் பதில்:
மிஞ்சியிருக்கலாம், ஆனால் நிலையத்தில் இருப்பவர்களின் பாடு திண்டாட்டமாகியிருக்கும். 2014 அக்டோபர் 28 அன்று சிக்னஸைச் சுமந்த அன்டாரெஸ் ராக்கெட் ஏவப்பட்ட சில விநாடிகளிலேயே வெடித்தது; 2015 ஏப்ரலில் ரஷ்யாவின் புரோகிரஸ் சரக்குக் கலம் கட்டுப்பாட்டை இழந்தது; ஜூன் 28 அன்று டிராகனை ஏற்றிச் சென்ற ஃபால்கன் 9 ராக்கெட் நடுவானில் சிதறியது. எட்டே மாதங்களில் மூன்று இழப்புகள் நேர்ந்தும் நிலையத்தைக் காலி செய்ய நேராததற்குக் காரணம், ஜூலையில் மற்றொரு புரோகிரஸும் ஆகஸ்டில் ஜப்பானின் சரக்குக் கலமான கவுனோடோரியும் போய்ச் சேர்ந்ததுதான். அன்டாரெஸ் முடங்கியிருந்தபோது, 2015 டிசம்பரில் சிக்னஸ் அட்லஸ் 5 ராக்கெட்டில் ஏறிச் சென்றது. கலத்தை ஒரே ராக்கெட்டோடு பிணைத்துவிடாத வடிவமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இரண்டாம் பதில்:
இரண்டின் பணியும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிக்னஸ் குப்பையை ஏற்றிக்கொண்டு வளிமண்டலத்தில் எரிந்துபோகிறது. டிராகனோ பாராசூட்டில் கடலில் இறங்குகிறது. 2011இல் விண்வெளி ஓடங்கள் ஓய்வுபெற்ற பிறகு, உறைநிலையில் வைத்த ஆய்வு மாதிரிகளைப் பெருமளவில் பூமிக்குக் கொண்டுவர டிராகனைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
விளக்கத்துக்கு நன்றி, ஒரே கலத்தை நம்பியிருப்பதன் ஆபத்து இப்போது புரிகிறது. 2015 ஜூன் விபத்தில் டிராகனும் ராக்கெட்டோடு சேர்ந்தே சிதறிவிட்டதா?

முதல் பதில் அளித்தவர்:
இல்லை, அதுதான் மனத்தை உறுத்துகிறது. ராக்கெட்டின் மேல் பகுதியான இரண்டாம் கட்டத்தில் ஹீலியம் தொட்டியைத் தாங்கிய உலோகத் தண்டு ஒன்று, தாங்க வேண்டிய பாரத்தில் ஒரு சிறு பங்குக்கே முறிந்தது என்று ஸ்பேஸ்எக்ஸின் ஆய்வு கூறியது. டிராகன் உடையாமல் விடுபட்டு, கடலை நோக்கி விழும்போதும் தரவுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பாராசூட்டுகள் அதனுள்ளேயே இருந்தன. ஆனால் ஏவும் கட்டத்தில் அவற்றை விரிக்கும் கட்டளை மென்பொருளில் இல்லை. அடுத்த பயணங்களுக்கு அந்தக் கட்டளையைச் சேர்த்துவிட்டார்கள்.