நிலக்கரி உருண்டையில் பீல் எடுத்தால் குமிழியும் வெண்படலமும்: எங்கே தவறு? கூடவே ரைனி செடிகள் பற்றி இரண்டு கேள்விகள்

வேர்முடிச்சு கேட்டது:

வணக்கம். மாணவர்களுக்குக் காட்ட நிலக்கரி உருண்டை (நிலக்கரிப் படுகையில் பழைய செடிகளோடு கல்லான உருண்டை) ஒன்றில் பீல் எடுக்கிறோம், அதாவது வெட்டுமுகத்தின் செல்களைத் தாளில் ஒட்டி உரிக்கிறோம். கார்பானிஃபெரஸ் காலத்தது, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலிருந்து வந்த பழைய கற்பித்தல் மாதிரி, முழுக்கக் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) ஊறிக் கல்லானது. வெட்டிய முகத்தை 400 எண் பொடியில் தேய்க்கிறோம். 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிடம் வைத்துக் கழுவி, துணியால் ஒற்றித் துடைக்கிறோம். பிறகு அசிடோன் ஊற்றி மேலே தாளை வைத்து விரலால் அழுத்துகிறோம். ஓஎச்பி ஷீட் (புரொஜெக்டரில் வைக்கும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டவே இல்லை. அசிடேட் என்று வாங்கிய இன்னொரு தாள் ஒட்டியது. ஆனால் நிறையக் குமிழி, ஓரங்களில் பால் போல வெண்மை, செல் சுவர்களும் மங்கல்.

இரண்டாவது கேள்வி. ரைனி செர்ட்டில் (ஸ்காட்லாந்தில் பழஞ்செடிகள் புதைந்த சிலிகாப் பாறை) கிடைத்த ஆஸ்டரோசைலான் செடியின் இலைகள் ஃபிபொனாச்சி சுருளில் (1, 2, 3, 5, 8 என்ற எண் வரிசைப்படி அமையும் சுருள்) அமையவில்லை என்று 2023-ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்ததே, அதில் இலைத் தண்டுகளை முப்பரிமாணத்தில் எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். இதற்கு சிடி ஸ்கேன் போதாதா? கல்லை ஏன் அறுக்க வேண்டும்?

மூன்றாவது, புதைபடிவங்களில் ஒரே மரத்தின் வேருக்கு ஒரு பெயர், தண்டுக்கு ஒரு பெயர், கூம்புக்கு ஒரு பெயர் என்று இருப்பதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

அடுக்குப்பாறை:

முதலில் தாள். இன்று கடையில் கிடைக்கும் ஓஎச்பி ஷீட்டுகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். அசிடோன் அதை ஒன்றும் செய்யாது, எனவே ஒட்டவும் ஒட்டாது. உங்களுக்கு வேண்டியது செல்லுலோஸ் அசிடேட், 75 மைக்ரான் அளவு தடிமன். வாங்கியதும் ஒரு மூலையில் ஒரு சொட்டு அசிடோன் விட்டுப் பாருங்கள். சில நொடியில் பிசுபிசுப்பாகிக் குழைந்தால் சரியான தாள். சொட்டு அப்படியே காய்ந்து போனால் எடுத்து வைத்துவிடுங்கள்.

உள்ளே நடப்பது தெரிந்தால் மற்ற தவறுகள் தாமாகவே புரியும். அமிலம் கால்சைட்டை மட்டும் கரைக்கிறது. செல் சுவர்கள் கரிமப் பொருள் என்பதால் கரையாமல், அறுத்த வயலில் நெல்லின் அடிக்கட்டை நிற்பது போல முகத்துக்கு மேலே சில பத்து மைக்ரான் உயரம் நிற்கின்றன. அசிடோன் தாளின் அடிப்பக்கத்தைக் கூழாக்குகிறது. அந்தக் கூழ் சுவர்களைச் சுற்றி இறங்கிக் காய்ந்து பிடித்துக்கொள்கிறது. உரிக்கும்போது சுவர்கள் அடியோடு ஒடிந்து தாளோடு வருகின்றன. ஆகவே அமிலத்துக்குப் பிறகு அந்த முகத்தைத் துணியோ விரலோ தொடவே கூடாது. நீங்கள் ஒற்றித் துடைத்தபோது நின்ற சுவர்களெல்லாம் படுத்துவிட்டன. மங்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மீதிக் காரணம் அமிலம். 10% ஒரு நிமிடம் மிக அதிகம். சுவர்கள் தாங்கும் உயரத்தைத் தாண்டி அரிப்பு ஆழமாகிவிடுவதால் தாமாகவே சாய்ந்துவிடும். 5% அமிலத்தில் 10 முதல் 20 நொடி போதும். முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து அமிலத்தில் தொட்டு நிறுத்தி, மெல்ல அசையுங்கள். வாயுக் குமிழிகள் ஒரே இடத்தில் தங்கினால் அங்கே அரிப்பு குறைந்து பீலில் வட்ட வட்டமாகத் தடம் விழும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி எடுங்கள், குழாய் நீரை நேராக அடிக்க வேண்டாம். சாய்த்து வைத்துத் தானாகக் காய விடுங்கள். அவசரமென்றால் அசிடோனை மேலிருந்து மெல்ல வழிய விட்டால் நீரை இழுத்துக்கொண்டு போகும்.

தேய்ப்பிலும் ஒரு படி குறைகிறது. கண்ணாடித் தட்டின் மேல் சிலிகான் கார்பைடு பொடி, தண்ணீர், எட்டு வடிவ ஓட்டம். 220-ல் ரம்பத் தடம் போக, 400-ல் அந்தக் கீறல் போக, 600-ல் முடிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். எண் மாறும்போது கல்லைப் பழைய பல் துலக்கியால் நன்றாகக் கழுவ வேண்டும். 220 பொடியின் ஒரு துகள் 600 தட்டுக்கு வந்துவிட்டால், கோடு கோடாக அது கிழித்தது அத்தனை பீலிலும் தெரியும்.

தாளை இடும் விதம்: மணல் தட்டில் கல்லைப் பதித்து முகத்தை மட்டமாக்குங்கள், ஒரு பக்கம் இம்மி சாய்வு இருக்கட்டும். அசிடோன் முகம் முழுக்கக் குளம் போல நிற்க வேண்டும். கல்லைவிடச் சுற்றிலும் 1 செ.மீ. பெரிதாக வெட்டிய தாளை யு வடிவில் வளைத்து, தாழ்ந்த ஓரத்தில் முதலில் தொட வைத்து, மற்ற ஓரம் நோக்கிக் கீழே விடுங்கள். அசிடோன் அலை தாளுக்கு முன்னே ஓடிக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். விரலால் அழுத்தவே வேண்டாம். அழுத்திய இடத்தில் கூழ் ஒதுங்கிக் காற்று புகுந்துவிடும். உங்கள் குமிழிகள் அங்கிருந்துதான் வருகின்றன. குளம் பாதி ஆவியான பிறகு தாள் வைத்தாலும் இதே கதிதான்.

வெண்மை ஈரத்தால் வருகிறது. அசிடோன் வேகமாக ஆவியாகும்போது முகம் குளிர்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது தாளின் கூழுக்குள் படிந்து பால் நிறமாகிவிடும். மழைநாளில் எடுக்காதீர்கள். கல்லின் துளைகளில் தண்ணீர் தங்கியிருந்தாலும் இப்படி ஆகும், அதனால் ஓரங்களையும் விரிசல்களையும் நன்றாகக் காய விட்ட பிறகு தொடங்குங்கள். மின்விசிறியை நேராகக் காட்டினால் வெண்மை கூடும்.

அரை மணி நேரம் காய்ந்தபின் ஒரு மூலையிலிருந்து ஒரே சீராக உரியுங்கள். கிழிந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அடுத்த பீலுக்கு 600-ல் சில சுற்று தேய்த்துப் பழைய அரிப்பை முழுக்க நீக்கிய பிறகே மீண்டும் அமிலம். அசிடோன் வேலை முழுவதும் சன்னல் திறந்த அறையில், அருகில் எந்தச் சுடரும் மின்பொறியும் இல்லாமல் நடக்க வேண்டும்.

பீல் சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி: லங்காஷயர் உருண்டைகளில் ஸ்டிக்மேரியா வேரிழைகள் மலிந்து கிடக்கும். குறுக்கே வெட்டுப்பட்ட ஒன்றை 40 மடங்கில் பாருங்கள். வெளியே ஒரு வளையம், நடுவே வெற்றிடம், உள்ளே சின்ன வளையம், அதற்குள் ஒற்றை நாளக்கட்டு (நீர் கடத்தும் திசு). அந்தச் சின்ன வளையத்தின் செல்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் பீல் நன்று. கறுப்புப் பட்டையாக மட்டும் தெரிந்தால் அரிப்பு அதிகமாகிவிட்டது.

சீவல்கண்ணாடி:

அடுக்குப்பாறை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உருண்டையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் கரைக்காது. பீலில் கரும்புள்ளிகளாக நிற்கும். அதைப் போக்க அமிலத்தைக் கூட்டாதீர்கள், சுவர்தான் போகும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எக்ஸ்ரே சிடி அடர்த்தி வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. நிலக்கரி உருண்டையில் செல்லுக்கு உள்ளேயும் கால்சைட், வெளியேயும் கால்சைட். இடையில் உள்ள கரிமச் சுவர் சில மைக்ரான்தான். செர்ட்டிலும் இதே நிலைமை, கால்சைட்டுக்குப் பதில் சிலிகா. படத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும், நம்பி இறங்க முடியாது. ஒளி நுண்ணோக்கியில் இதே சுவர் பழுப்பு நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் சீவலும் (ஒளி ஊடுருவும்படி மெல்லிதாகத் தேய்த்த கல் துண்டு) பீலும் இன்னும் வழக்கத்தில் இருக்கின்றன.

ரைனி ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள ஊர். வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் 1912-ல் அங்கே செர்ட்டைக் கண்டறிந்தார். கிட்ஸ்டனும் லாங்கும் 1917 முதல் 1921 வரை ஐந்து கட்டுரைகளில் செடிகளை விவரித்தார்கள். வயது சுமார் 40 கோடியே 70 லட்சம் ஆண்டு. வெந்நீர் ஊற்றுகளின் சிலிகா செடிகளை நின்ற நிலையிலேயே ஊறவைத்ததால் செல் செல்லாக நிற்கின்றன. ஆனால் ஒரு சீவலில் தெரிவது வெட்டுமுகம் மட்டும். தண்டு எங்கே பிரிந்தது, எந்த இலை எந்த இலைக்கு மேலே என்பதெல்லாம் அடுத்தடுத்த வெட்டுகளைக் கோத்தால்தான் தெரியும். அப்படித் தொடர் வெட்டுகளைக் கோத்துத்தான் 2021-ல் ஆஸ்டரோசைலானின் இலைத் தண்டு கவைத்துப் பிரிந்ததிலிருந்து வேர் அமைப்பு உருவானதைக் காட்டினார்கள். இன்றுள்ள எந்தச் செடியும் வேரை அப்படி உண்டாக்குவதில்லை. 2023 கட்டுரையும் அதே வழியில் வந்ததே. இன்றைய செடிகளில் பெரும்பாலானவை இலையை ஃபிபொனாச்சி சுருளில் வைக்கின்றன. இதிலோ சில தண்டில் வட்ட அடுக்கு, சில தண்டில் வேறு கணக்குச் சுருள். இந்த முடிவைத் தனிச் சீவல் ஒன்றை வைத்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

நீங்களும் உருண்டையை வைத்துச் சிறிய அளவில் செய்யலாம். முதல் பீலுக்கு முன்பே, முகத்துக்குச் செங்குத்தாக மூன்று மூலைகளில் 1 மி.மீ. துளை போடுங்கள். மூன்றும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டாம், தாளைப் புரட்டி வைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பீலுக்குப் பிறகும் கல்லின் தடிமனை நான்கு மூலையிலும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். ஒரு மூலை அதிகம் தேய்ந்தால் வெட்டுகள் விசிறி போல விரிந்து, எழுப்பிய செடி வளைந்து நிற்கும். சரிவு 50 மைக்ரானைத் தாண்டினால் நிறுத்தி மட்டமாக்கிவிட்டுத் தொடருங்கள்.

பீல் காயும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே தட்டையாக வைத்து, அளவுகோலோடு, கீழிருந்து ஒளி கொடுத்துப் படமெடுங்கள். எல்லாப் படத்திலும் மூன்று துளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி ஃபிஜி மென்பொருளில் பொருத்தலாம். பிறகு ஸ்பியர்ஸ் என்ற இலவச மென்பொருளில் திசுவைப் பிரித்துக் குறித்தால் மாதிரி உருவாகும்.

வேர்முடிச்சு:

மிக்க நன்றி. சொட்டுச் சோதனையில் பழைய ஷீட் அசையவே இல்லை, பாலியெஸ்டர்தான். இன்னொரு சந்தேகம்: ரைனி செர்ட் போலவே நம் திருவக்கரை கல்மரங்களும் சிலிகாதானே, அவற்றிலும் பீல் வருமா?

சீவல்கண்ணாடி:

சிலிகாவை அரிக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் தொடவே தொடாதீர்கள். தோல் வழியாக உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த அமிலமாக இருந்தால் பட்ட உடனே வலிக்காது, மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியும், அதற்குள் எலும்புவரை சேதம் ஆகியிருக்கும். தனிப் புகைக்கூண்டு, அதற்கென்ற கையுறை, கால்சியம் குளுகோனேட் களிம்பு, பயிற்சி பெற்ற ஆள், இவை நான்கும் இருக்கும் இடத்தில் மட்டும் நடக்க வேண்டிய வேலை.

அது போக, பீலுக்குக் கரிமச் சுவர் மிஞ்சியிருக்க வேண்டும். பல கல்மரங்களில் சுவரே சிலிகாவாக மாறிவிட்டிருக்கும். அரித்தால் தாளில் ஒட்ட ஒன்றும் இருக்காது. அத்தகைய கட்டைக்கு மெல்லிய சீவல்தான் வழி: குறுக்கு, ஆரை, தொடுகோடு என மூன்று திசையிலும் வெட்டி, கண்ணாடியில் எப்பாக்ஸி பசையால் ஒட்டி, 30 முதல் 50 மைக்ரான் வரை தேய்ப்பது. மூன்று திசையும் இல்லாமல் பேரினம் சொல்லக்கூடாது. குறுக்கு வெட்டு ஊசியிலை மரமா பூக்கும் மரமா என்பதைச் சொல்லிவிடும், ஆனால் ஆரை வெட்டில் தெரியும் குழிகள்தான் ஊசியிலை மரங்களைத் தம்முள் பிரிக்கும்.

திருவக்கரையும் சாத்தனூரும் பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் சின்னங்கள். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. கற்பிக்க வேண்டுமென்றால் ஆய்வு நிறுவனங்களில் ஏற்கனவே செய்து வைத்த சீவல்களைக் கேட்டுப் பாருங்கள்.

பெயர்ப்பலகை:

மூன்றாவது கேள்விக்கு. மாணவர்களிடம் இப்படித் தொடங்கலாம்: செடி உயிரோடு இருக்கும்போதே இலை, விதை, மகரந்தம் எல்லாம் தனித்தனியாக உதிர்ந்து தனித்தனி இடத்தில் புதைகின்றன. கிடைத்த உறுப்புக்குத்தான் பெயர் வைக்க முடியும். தாவரப் பெயர்விதியும் இதை ஏற்கிறது. அதனால்தான் ஸ்டிக்மேரியா என்று வேர்ப்பகுதிக்கும், லெபிடோடெண்ட்ரான் என்று தண்டுக்கும், லெபிடோஸ்ட்ரோபஸ் என்று கூம்புக்கும் பெயர். ஒட்டியபடி கிடைத்தால்தான் உறுதியாக இணைக்கலாம். ஆர்க்கியாப்டெரிஸ் என்ற, பெரணி போன்ற இலைக்கும் காலிக்ஸைலான் என்ற, ஊசியிலை மரம் போன்ற கட்டைக்கும் உறவு இருக்குமென்று யாரும் நினைக்கவில்லை. 1960-ல் சார்லஸ் பெக் இரண்டும் ஒட்டியிருந்த மாதிரியை வைத்து ஒரே மரம் என்று காட்டினார். விதையில்லாமல் வித்துத்தூள் (ஸ்போர்) போட்டு இனம் பெருக்கும் செடி கெட்டியான கட்டையும் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

உறுப்பு ஒன்றை மட்டும் பார்த்து இன்றுள்ள குடும்பத்தில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ல் வந்த ஓத்னியோஃபைட்டான் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுப் பழைய பாறை. 1969-ல் இலையை மட்டும் வைத்து, கூட்டிலையின் சிற்றிலை என்று எண்ணி, ஜின்செங் குடும்பத்தில் சேர்த்தார்கள். பிறகு இலை, பூ, காய் எல்லாம் ஒரே கிளையில் ஒட்டிய மாதிரி கிடைத்தது. இலை கிளையில் நேராகப் பொருந்தியிருந்தது, அப்படியென்றால் அது தனியிலை. காயும் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தவில்லை. இன்று அதை எந்தக் குடும்பத்திலும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதுதான் நேர்மையான முடிவு.

பீல் எடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறை வேண்டுகோளும் உண்டு. புதிய இனம் என்று தோன்றினால் உடனே தேய்ப்பை நிறுத்துங்கள். தேய்த்த அடுக்கு திரும்ப வராது. புதைபடிவ இனத்தின் பெயருக்கு ஆதாரம் எப்போதும் ஒரு மாதிரிதான். அதை எந்த நிறுவனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கட்டுரையிலேயே சொல்ல வேண்டும். லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரிப்பும், படமும் கட்டாயம். கல்லை வெட்டியிருந்தால், விவரிப்புக்குப் பயன்பட்ட எல்லாத் துண்டுகளையும் தெளிவாகக் குறிக்கச் சொல்லிப் பெயர்விதி பரிந்துரைக்கிறது. அதனால் ஒவ்வொரு பீலிலும் கல் எண், எந்தத் துண்டு, மேல்முகமா கீழ்முகமா, வரிசை எண் நான்கும் இருக்கட்டும். உரித்த பிறகு, கல்லைத் தொடாத பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். உரிக்கும் முன் மார்க்கரால் எழுதினால் அசிடோனில் மை கரைந்து செல்களுக்கு மேலேயே ஓடும்.

அடுக்குப்பாறை:

இதையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் கேட்பார்கள். 2024-ல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் விவரிக்கப்பட்ட சான்ஃபோர்டியாகாலிஸ் மரமும் முப்பரிமாணத்தில்தான் கிடைத்தது. சுமார் 35 கோடி ஆண்டு வயது, 16 செ.மீ. விட்டமுள்ள தண்டைச் சுற்றி 250-க்கும் மேற்பட்ட இலைகள். அதற்கு பீல் முறை பயன்படவில்லை. நிலநடுக்கத்தில் ஏரிக்கரை சரிந்து மரம் சட்டென்று சேற்றில் புதைந்ததால், இலைகள் தண்டோடு நின்ற கோணத்திலேயே பாறைக்குள் அகப்பட்டுக்கொண்டன. அங்கே வடிவத்தைப் பாறையிலேயே அளந்துவிடலாம். உங்கள் உருண்டையில் செல்கள் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் இத்தனை பாடு. துளைகளை முதலில் போட்டுவிட்டு 5% அமிலத்தில் 10 நொடியில் தொடங்குங்கள். முதல் மூன்று பீலை ஒவ்வொன்றுக்கும் 5 நொடி கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் கல்லுக்கு ஏற்ற நேரம் தெரிந்துவிடும்.