புதுப்பிப்பு: கிரிப்டோ விளம்பரமும் தொடக்க நிலைப் பாடமும்

புதியவர்களுக்குத் தமிழில் முதலீட்டுப் பாடம் எடுக்கும் ஒரு யூடியூபரை, கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் ஒன்றுடன் இணைத்து வைக்கலாமா என்று சென்ற மாதம் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். இணைக்கவில்லை.

கறுப்புப் பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான நிதிப் புலனாய்வுப் பிரிவில் அந்த நிறுவனம் பதிவு பெற்றதா என்று முதலில் பார்க்கச் சொன்னீர்கள். பதிவு இருந்தது. சிக்கல், கிரிப்டோவில் பணம் போடுவது ஆபத்தானது என்று சொல்லும் எச்சரிக்கை வாசகத்தில் வந்தது. இதற்கான இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சிலின் விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் எச்சரிக்கை வர வேண்டும். வழக்கமான வேகத்தில் வாய்விட்டும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ஆளோ, வீடியோவுக்குக் கீழே ஒரு வரி போட்டால் போதும் என்றார். அதோடு, கிரிப்டோ லாபத்துக்கான 30 சதவீத வரியைப் பற்றிய பகுதியை வெட்டவும் சொன்னார். ஒரு கிரிப்டோ நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது என்பதைப் புதிதாக வருபவரிடம் மறைத்தால், அது என்ன பாடம்? யூடியூபர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவர்மீது எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

இப்போது அதே யூடியூபருக்காக, வன்பொருள் வாலெட் (கிரிப்டோவின் ரகசியச் சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிறு கருவி) விற்கும் ஒரு நிறுவனத்துடன் பேசுகிறேன். கருவி தொலைந்தாலும் கிரிப்டோவைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவது எப்படி, யார் கேட்டாலும் அவற்றை ஏன் கொடுக்கக் கூடாது என்பதே பாடம். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்த்துக் கமிஷன் கிடையாது. வீடியோவுக்கு ஒரே கட்டணம். தகவல் பிழையை நிறுவனம் திருத்தலாம், கருத்தைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து.