சுவருக்கு ஃப்ராக்டல் படம்: எதை அச்சிடலாம்?

வணக்கம். சோஃபாவுக்கு மேலே காலியாக இருக்கும் வெள்ளைச் சுவரில் 4 அடிக்கு 3 அடி ஃப்ராக்டல் படம் (கிட்டே போகப் போக ஒரே மாதிரி வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும் கணிதப் படம்) ஒன்றைக் கேன்வாஸில் அச்சிட்டு மாட்ட ஆசை. மாண்டல்பிராட் கணம் என்ற பிரபல ஃப்ராக்டலில் கடல்குதிரை வால் போன்ற சுருள்கள் நிறைந்த கடல்குதிரைப் பள்ளத்தாக்கு, அதன் உறவான ஒரு ஜூலியா கணம், அபோஃபிஸிஸ் என்ற மென்பொருளில் செய்த, தீச்சுடர் போல இழையோடும் சுடர் ஃப்ராக்டல் என மூன்று கைவசம் உண்டு.

அளவு பிரச்சினை இல்லை. சூத்திரத்திலிருந்து வருவதால் வேண்டிய அளவில் கணினியில் மறுபடி ரெண்டர் செய்து (வரைந்து) கொள்ளலாம். அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் 7200க்கு 5400 பிக்சல். கவலையெல்லாம் நிறத்தில்தான். திரையில் ஜொலிக்கும் மின்நீலம் சிஎம்ஒய்கே மையில் (அச்சுக்கான நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகள்) செத்துப்போகும். சுடர் படத்தில் கருப்புப் பின்னணியும் அதிகம், மங்கலான நுணுக்கங்கள் அச்சில் அப்படியே முழுகிவிடுமோ என்று பயம்.

அப்புறம், கைபேசியில் அழகாகத் தெரியும் நுண்சுருள்கள் 10 அடி தள்ளி உட்கார்ந்தால் வெறும் பொடியாகத் தெரியாதா? பெரிய சுருள் ஒன்றிரண்டும் நிறைய வெற்றிடமும் உள்ள ஜூலியாதான் என் தேர்வு. வீட்டில் மற்றவர்களுக்குக் கடல்குதிரை. (சுடரைப் பார்த்தால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதாம்.)

இப்படிப் பெரிதாக அச்சிட்டவர்கள் சொல்லுங்கள்: எதிரே ஜன்னல் இருப்பதால் மேட் (பளபளப்பில்லாத) கேன்வாஸ் போதுமா? ஓரடித் துண்டு மட்டும் முதலில் மாதிரி அச்சிட்டுத் தரச் சொன்னால் கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா?