ஏற்காட்டில் கல்யாணம்: பெண் ஆர்.சி., மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. எந்த ஆயரிடம் கடிதம் வாங்குவது?

மலைக்காற்று:
பெண் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), ஏற்காடு பங்கு, அதாவது அந்தக் கோவிலின் சாமியார் பொறுப்பில் உள்ள பகுதி. ஞானஸ்நானம் 1995-ல், கிருஷ்ணகிரி பக்கம். மாப்பிள்ளை சேலம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கல்யாணம் ஏற்காடு கோவிலில். "மாப்பிள்ளை அவங்க ஆயர்கிட்ட கடிதம் வாங்கட்டும்" என்கிறார்கள். கோயம்புத்தூர் போக வேண்டுமா? பெண்ணின் தாய்மாமா தருமபுரி மறைமாவட்டச் (ஒரு பிஷப்பின் கீழுள்ள பகுதி) சாமியார், அவரே மந்திரிக்கலாமா, அதாவது கல்யாணத்தை நடத்திவைக்கலாமா?

அஸ்தம்பட்டி:
கோயம்புத்தூர் போக வேண்டாம். 'ஆயர்' என்ற சொல்தான் குழப்புகிறது. ஆர்.சி.யில் ஆயர் என்றால் பிஷப். சி.எஸ்.ஐ.யில் சபையை நடத்தும் போதகரே (ஐயர்) ஆயர், பிஷப் பேராயர். சேலம் சபைகள் கோயம்புத்தூர் பேராயரின் திருமண்டலத்தைச் சேர்ந்தவைதான், ஆனாலும் சபை ஆயர் தரும் ஞானஸ்நானச் சான்றும் ஆட்சேபனை இல்லை என்ற கடிதமும் போதும். ஞானஸ்நானச் சான்றுக்குப் பதிலாகத் திடப்படுத்தல் சான்றை (வேறொரு சடங்குக்கானது) மட்டும் கொண்டுவந்தால் போதாது.

பிஷப் அனுமதி தேவைப்படுவது பெண் பக்கம்தான். ஏற்காடு பங்குத்தந்தை மனு எழுதி, சேலம் ஆயர் இல்லத்துக்கு அனுப்புவார். தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அதைத் தெரிவித்தால் போதும், அவர் வாக்குத் தர வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயரால் கொடுத்த சி.எஸ்.ஐ. ஞானஸ்நானம் செல்லும். அதனால்தான் வெறும் அனுமதியோடு முடிகிறது. ஞானஸ்நானமே பெறாதவர் என்றால் பிஷப்பின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் திருச்சபைச் சட்டப்படி அந்தக் கல்யாணமே செல்லாது.

பழைய பதிவேடு:
தாய்மாமா மந்திரிக்கலாம், ஆனால் ஏற்காடு பங்குத்தந்தை அவருக்கு அதிகாரம் ஒப்படைத்திருக்க வேண்டும். குருப்பட்டம் இருந்தால் மட்டும் போதாது. சாட்சியாக நின்று சம்மதம் கேட்கும் அதிகாரம் அந்தந்தப் பங்கின் எல்லையைச் சேர்ந்தது. ஒப்படைப்பு இல்லாமல் நடத்தினால் திருமணம் செல்லாது. எழுத்தில் வாங்கி, கல்யாணப் பதிவேட்டோடு வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஞானஸ்நானச் சான்றுக்குச் சேலம் ஆயர் இல்லத்தில் நிற்காதீர்கள். கிருஷ்ணகிரிப் பகுதி சேரும் தருமபுரி, சேலத்திலிருந்து தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது 1997-ல்தான் என்றாலும், பதிவேடு பெண் ஞானஸ்நானம் பெற்ற பங்கிலேயே இருக்கும். ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றாக இருக்க வேண்டும். ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தால் அது பதிவேட்டின் ஓரத்தில் குறித்திருக்கும், பழைய சான்றில் அது தெரியாது. அதனால்தான் புதுச் சான்று.

அஸ்தம்பட்டி:
அதே ஓரக் குறிப்புக்காக, கல்யாணம் முடிந்ததும் ஏற்காட்டிலிருந்து அந்தப் பங்குக்கு அறிவிப்பு போக வேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது இதுதான், கேட்டு உறுதிசெய்யுங்கள்.

சான்றில் 'மேரி', ஆதாரில் 'மரியா' என்று இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பங்கில் வெட்டித் திருத்த மாட்டார்கள். ஆயர் இல்லம் வழியாகத்தான் திருத்தம் வரும். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கவும் நாள் வேண்டும், அதனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்னே பங்குத்தந்தையைப் பாருங்கள்.