காப்பீட்டு கார்டுல நடக்க தில்லுமுல்லுக்கு தனியா ஒரு ஆணையம் வேணுமா?

தக்கலைக்காரன்:
எங்க மாமனாருக்கு போன மாசம் காய்ச்சல் விடாம அடிச்சு, பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மூணு நாள் கிடந்தாரு. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கு, கவுண்டர்ல எழுதாத பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, கைரேகையும் வச்சாங்க, சரி பைசா ஆகாதுன்னு நெனச்சா டிஸ்சார்ஜ் அன்னைக்கு மருந்துக்குன்னு எட்டாயிரம் ரொக்கமா கேக்காங்க, பில்லு கேட்டா துண்டுச்சீட்டுல எழுதித் தாறாங்க. கார்டுல எவ்ளோ எடுத்தாங்கன்னு கேட்டேன், பதிலே இல்ல. மச்சினன் இங்கிலாந்துல நர்ஸ், அங்க மருத்துவ மோசடிய விசாரிக்கவே 2017 நவம்பர்ல தனியா ஒரு அரசு அமைப்பு தொடங்கிருக்காங்களாம். நமக்கும் அப்படி ஒண்ணு வந்தா என்ன?

கோட்டாறு மக்கா:
பேருக்கு இருக்கு மக்கா. மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுக்கு தேசிய சுகாதார ஆணையத்துல மோசடி தடுப்பு பிரிவுன்னே ஒண்ணு உண்டு, நம்ம திட்டமும் 2018ல அதோட சேந்தாச்சு. ஆனா 2023ல அரசாங்க கணக்க தணிக்கை பண்ணுற சிஏஜி குடுத்த அறிக்கை பாத்தியளா? 9999999999ங்கற ஒரே செல் நம்பர்ல ஏழரை லட்சம் பேர் பதிவாயிருக்கு. செத்ததா முன்னாடியே பதிவான ஆளுங்களுக்கு மறுபடி சிகிச்சையாம். இன்னொரு ஆணையம் போட்டா இன்னொரு போர்டு, இன்னொரு ஜீப்பு, அவ்ளோதான்.

பழைய கிளெய்ம் டெஸ்க்:
காப்பீட்டு பணம் கேட்டு எழுதுற கிளெய்ம் வேலைய ரெண்டு வருசம் பாத்தவன் சொல்லுகேன். சாதா வார்டுல கிடந்தவர ஐசியூன்னு காட்டுறது, ஒரு ஆபரேஷன ரெண்டா பிரிச்சு கேக்குறது, இதெல்லாம் காப்பீட்டு கம்பெனிக்காரன் கொஞ்சமாவது பிடிப்பான், அவன் பைசா போகுதுல்லா. உங்க எட்டாயிரம் இருக்கே, அது எந்த கிளெய்ம்லயும் வராது, அதனால யார் கண்ணுலயும் படாது. கேஷ்லெஸ் திட்டத்துல நோயாளிகிட்ட பைசா வாங்கவே கூடாது. அதனால ஆணையம் வந்தா கம்பெனிக்கு கீழயும் இருக்கக்கூடாது, ஆஸ்பத்திரிய திட்டத்துல சேர்க்குற ஆபீசுக்கு கீழயும் இருக்கக்கூடாது. வீட்டுக்குப் போன நோயாளிக்கு நேரா போன் போட்டு "கையில எவ்ளோ குடுத்தீங்க"ன்னு கேக்குற ஆளு வேணும், சென்னையில உக்காந்து பேப்பர் பாத்தா ஒண்ணும் தெரியாது.

வேளிமலை:
உள்ள வேலை பாக்க பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், வாயத் தொறந்தா வேலை போயிரும். அமெரிக்காவுல 1863லயே ஒரு சட்டம் இருக்கு, அரசாங்கத்த ஏமாத்துனத ஒருத்தர் வழக்கு போட்டு வெளிய கொண்டுவந்தா மீட்ட பணத்துல 15 முதல் 30 சதவீதம் வரை அவருக்கு. மருத்துவ மோசடி நிறைய அப்படித்தான் வெளிய வருது. இங்க அந்த பாதுகாப்பு இல்லாம ஆணையம் மட்டும் வச்சு என்ன செய்ய?

கிளெய்ம் டெஸ்க் அண்ணே சொன்னது செரி. தக்கலை அண்ணே, இப்போதைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியும் அந்த துண்டுச்சீட்டும் பத்திரமா வைங்க. 104 சுகாதார உதவி எண்ணுக்கு போன் போடுங்க, ஆயுஷ்மான் பாரத் நம்பர் 14555லயும் சொல்லலாம். திங்கக்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல குடுத்து ரசீது வாங்குங்க.

தக்கலைக்காரன்:
துண்டுச்சீட்ட தேடி எடுத்தாச்சு, அதுல ஆஸ்பத்திரி பேரே இல்ல, வெறும் தொகையும் ஒரு கிறுக்கலும். மனு எழுதலாம்னா மாமனார் சம்மதிக்க மாட்டேங்காரு. நாளைக்கு நெஞ்சு வலின்னா ராத்திரி ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் யாரு தூக்கிட்டு போவா, பக்கத்துல உள்ள இதே ஆஸ்பத்திரியிலதானே போய் நிக்கணும்னு சொல்லுகாரு.