புதுப்பிப்பு: மூன்று கல்லூரி மரக் கணக்கு, ஒரு வருடம் கழித்து
போன வருடம் புலம்பியிருந்தேனே: மூன்று கல்லூரி இளநிலைத் தாவரவியல் மாணவர்கள் சீசன்வாட்ச் (மரங்களின் பருவ மாற்றத்தைப் பொதுமக்களே பதிவுசெய்யும் திட்டம்) முறைப்படி வாராவாரம் அதே மரத்தைப் பார்த்து இலை, பூ, காய்க்கு 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்று குறிக்கிறார்கள். மே மாதம் விடுமுறை. சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும் நேரத்தில் தாளில் வெற்றுக் கட்டம்!

இந்த முறை எங்கள் வாட்ச்மேன் அண்ணன் சனிக்கிழமைதோறும் மொபைலில் படமெடுத்து அனுப்பினார். பாதிப் படம் அவர் விரல்தான், ஆனாலும் பூ தெரிகிறது. மூன்றாமாண்டுக்காரர் படிப்பு முடித்துப் போகும்முன் மரத்தடியில் நின்றே தன் மரத்தை ஜூனியரிடம் ஒப்படைக்கிறார்.

ஒரு கல்லூரி விலகிவிட்டது. பொறுப்பாசிரியர் மாறினார், எல்லாம் நின்றது. ஒருவர் தலையில் கட்டியது எங்கள் தப்பு. இனி கல்லூரிக்கு இருவர். அப்புறம், செய்முறைத் தேர்வில் இதற்கு மதிப்பெண் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.