புதுப்பிப்பு: பைபாஸுக்குப் பிறகு இருமப் பயந்த அப்பா

பினாங்கில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்த அப்பா, நெஞ்சு வலிக்கும் என்று சளியை இருமவே மாட்டேன் என்கிறார் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது தலையணை யோசனைதான். நெஞ்செலும்பின் மேல் சின்னத் தலையணையை இரு கையாலும் அணைத்துப் பிடித்து இருமச் சொன்னோம். இரண்டாம் நாளே சளி வந்தது.

எதிர்பாராத விஷயம்: மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை மனிதர் இத்தனை நாளும் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார்! மூச்சை உள்ளே இழுத்தால்தானே பந்து ஏறும்? பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) சிரித்துவிட்டார். இப்போது இரண்டு பந்து ஏறுகிறது.

அப்புறம், பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் வீங்கியது. உட்காரும்போது தூக்கி வைத்ததும் வற்றியது. இங்கே பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போனால் பையைத் தூக்க மட்டும் 12 வாரம் தடை.